வைகறைப் பாலமும் குழாயடி விளக்கும்

மருதத் திணைக்கு வைகறையைச் சிறுபொழுதாக வகுத்தனர் நம் முன்னோர். மருதம் என்பது வயலும் வயல் சார்ந்த ஊரும்; அதன் உரிப்பொருள் ஊடல். இரவெல்லாம் பிரிந்திருந்த தலைவன் விடியலில் வாயிலில் வந்து நிற்க, தலைவியின் உள்ளம் சினந்தும் கனிந்தும் தடுமாறும் பொழுது அது. ஊருக்கும் வைகறைக்கும் ஊடலுக்கும் இலக்கண நூலார் இட்ட இம்முடிச்சு, ஓர் ஆங்கிலப் பாடலை விளங்கிக்கொள்ளவும் துணைசெய்யும் என்று நாம் முன்னர்க் கருதியதில்லை. அண்மையில் அவ்வாறு கருத நேர்ந்தது.

எம் மகள் கல்லூரியில் முதலாண்டு பயில்கின்றாள். வில்லியம் வேர்ட்ஸ்வொர்த் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தின் மீதிருந்து இலண்டன் மாநகரின் விடியலைப் பாடிய பதினான்கு அடிப் பாடல் அவளுக்குப் பாடமாக வந்தது. ஓரிரவு நூலை எம் முன் நீட்டி, "அப்பா, வீடெல்லாம் தூங்குற மாதிரி இருக்குன்னு இவர் சொல்றாரே, நம்ம வீடு என்னைக்கு அந்த நேரத்துல தூங்கியிருக்கு?" என்று வினவினாள். நாமும் அதே பாடலை இளங்கலை வகுப்பில் படித்தவரே. உரைக்குறிப்பை மனப்பாடம் செய்து எழுதி, மதிப்பெண்ணும் பெற்றோம். ஆயினும் அன்று விடை சொல்ல இயலவில்லை. அவ்வினாவுக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

பாடல் பிறந்த சூழல்

பாடலின் தலைப்பில் 1802 செப்டம்பர் 3 என்னும் நாள் குறிக்கப்பட்டுள்ளது. ஆனால், கவிஞர் அப்பாலத்தைக் கடந்தது அதே ஆண்டு ஜூலைத் திங்களின் இறுதியில் என்பதை அவர் தங்கை டோரதியின் நாட்குறிப்பு காட்டுகின்றது. அண்ணனும் தங்கையும் விடியற்காலையில் டோவர் செல்லும் குதிரை வண்டியில் ஏறிப் பிரான்சு நாட்டின் காலே துறைமுகத்துக்குப் புறப்பட்டனர். பாடல் நூலில் இடம்பெற்றது 1807ஆம் ஆண்டில்.

அப்பயணத்தின் காரணம் பாடலில் ஓரிடத்தும் இல்லை. பிரான்சில் அன்னெட் வலான் என்னும் பெண்மணியிடம் கவிஞருக்கு ஒரு மகள் பிறந்திருந்தாள். கரோலின் என்பது அவள் பெயர்; அப்போது வயது ஒன்பது. இரு நாடுகளுக்கிடையே மூண்ட போர் தந்தையையும் மகளையும் பிரித்து வைத்திருந்தது. 1802 மார்ச்சில் அமியான் உடன்படிக்கை கையெழுத்தானபின் கடல் கடக்க வழி பிறந்தது. அதே ஆண்டு அக்டோபரில் மேரி ஹட்சின்சனை மணக்கவிருந்த கவிஞர், அதற்கு முன் மகளைக் கண்டுவரப் புறப்பட்டார். குடும்பத்தை ஓரிடத்தும் பிழைப்பை வேறிடத்தும் வைத்து வாழ்ந்த நம்மவர்க்கு, அவ்வண்டியில் அமர்ந்திருந்த தந்தையின் மனநிலையை எவரும் விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை. பாடலில் ததும்பும் அமைதி, அமைதியற்ற ஒருவர் கண்டெடுத்த அமைதி.

பாடலின் திறன்

இச்செய்யுள் வகையை ஆங்கிலேயர் சானெட் என்பர். எட்டடியும் ஆறடியுமாக இயைபுத் தொடையால் இரு கூறுபட்டு நிற்பது அதன் இத்தாலிய அமைப்பு. நம் மொழியில் பரிதிமாற் கலைஞர் தம் தனிப்பாசுரத் தொகையில் பதினான்கு அடிப் பாக்களை ஆக்கி இவ்வடிவுக்கு வித்திட்டார்.

வேர்ட்ஸ்வொர்த் முதற்கூற்றில் நகரத்தை நிறுத்திக் காட்டுகின்றார். கப்பல், கோபுரம், குவிமாடம், நாடக அரங்கு, கோயில் எனப் பெயர்களை அடுக்குகின்றார். அவற்றுள் ஒன்றுக்கேனும் அடைமொழி தந்திலர். அவ்வெறுமையே ஓர் அழகு. இன்னுமொரு நயம் உண்டு. காலைப் பொழுதின் எழிலை நகரம் ஆடையாக அணிந்துள்ளது என்பவர், அடுத்தே கட்டடங்கள் மறைப்பின்றித் திறந்து கிடப்பதாகவும் கூறுகின்றார். ஆடை அணிந்தது எங்ஙனம் மறைப்பின்றி நிற்கும்? ஒளியே அவ்வாடை. மற்ற ஆடை மறைக்கும், ஒளியாடையோ காட்டும்.

நகரை வாழும் பொருளாகக் கவிஞர் கண்டதனாலன்றோ அது உறங்குவதாகப் பாடினார்; உயிரற்றது உறங்குவதில்லை என்று கிளீன்த் புரூக்ஸ் என்னும் அமெரிக்கத் திறனாய்வாளர் 1947இல் வெளியிட்ட நூலில் இப்பாடலை ஆய்ந்து உரைத்தார். அது ஏற்புடைய கருத்தே. அதனோடு ஒன்று கூட்டலாம். வேர்ட்ஸ்வொர்த் மலையையும் ஏரியையும் நேசித்தவர். நகரத்தின்மேல் மனத்தாங்கல் உடையவர். அவர் மறைந்தபின் 1850இல் வெளிவந்த நெடும்பாடலின் ஏழாம் பகுதியில் இலண்டனின் சந்தைக் கூட்டத்தைக் குழப்பத்தின் வடிவாகவே வரைந்துள்ளார். அத்தகையவர் ஒரு வைகறையில் நகரின் முகத்தை நேர்நோக்குகின்றார், சினம் ஆறுகின்றது. நம் மரபில் வைத்து நோக்கின், இப்பாடல் ஊடல் தீர்ந்த கணம். ஊர், வைகறை, ஊடல் என்னும் மூன்றும் இங்கு ஒருங்கே அமைகின்றன.

இனி, பாடலின் குறையையும் கூறவேண்டும். இது பெரும்பாலும் இல்லாதவற்றைப் பாடிய பாடல். புகை இல்லை, ஓசை இல்லை, அசைவு இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, மனிதர் இல்லை. 1801இன் முதற் குடிக்கணக்கில் ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் வாழ்ந்த நகரில் ஒரு பால்காரியையோ ஒரு படகோட்டியையோ கவிஞர் காணவில்லை. அருகில் அமர்ந்திருந்த தங்கைக்கும் பாடலில் இடமில்லை. எட்டாண்டுகளுக்கு முன், 1794இல், வில்லியம் பிளேக் அதே நகரின் தெருக்களில் நடந்து, புகைக்கூண்டு துடைக்கும் சிறுவரின் அழுகுரலைக் கேட்டுப் பாடினார். ஒருவர் வண்டிமேல் இருந்து கண்டார். மற்றவர் தெருவில் நடந்து கேட்டார். இருவரும் பொய்யுரைத்தாரல்லர், நின்ற இடம் வேறு, அவ்வளவே.

நம் இலக்கியத்தில் விடியல்

தமிழில் விடியல் ஓசையோடு வருவது. தொண்டரடிப்பொடியாழ்வாரும் மாணிக்கவாசகரும் இறைவனைத் துயிலெழுப்பப் பாடினர். ஆண்டாள் தோழியரை வாயில்தோறும் சென்று எழுப்பினாள். பாரதியார் பாரத மாதாவையே பள்ளியெழச் செய்தார். உறக்கம் கலையாமையில் இன்பம் கண்டார் ஆங்கிலக் கவிஞர்; உறக்கம் கலைவதில் இன்பம் கண்டனர் நம்மவர். மாட்டுங்காவின் கோயில்களில் மார்கழி விடியலில் பாடிச் செல்வோர்க்கு இவ்வேறுபாடு செவிவழியே தெரிந்ததொன்று.

நகரின் இரவையும் விடியலையும் பாடிய நூல் வேண்டுமெனின், பத்துப்பாட்டுள் மிக நெடிய மதுரைக்காஞ்சியை எடுத்துக்கொள்ளலாம். தலையாலங்கானத்து வென்ற பாண்டியன் நெடுஞ்செழியனை முன்னிறுத்தி மாங்குடி மருதனார் பாடியது. 782 அடிகள் கொண்டது. 1889இல் உ. வே. சாமிநாதையர் அச்சேற்றிய பத்துப்பாட்டுப் பதிப்பால் நம் கைக்கு எட்டியது. அதில் மதுரை ஒரேயடியாக உறங்கிவிடுவதில்லை. கடைகள் அடைபடுகின்றன, அடை விற்கும் கூவியர் விற்குமிடத்திலேயே தூங்கி விழுகின்றனர், கூத்தரும் ஓய்கின்றனர். அதன்பின்னரே ஊர், ஓசை அடங்கிய குளிர்ந்த கடலுக்கு ஒப்பாகின்றது. வேர்ட்ஸ்வொர்த் அசைவற்றுக் கிடக்கும் பேரிதயத்தைக் கண்டார். மருதனார் ஒலியவிந்த கடலைக் கண்டார். இரண்டும் பேருவமைகளே. ஆயினும் மருதனார் அத்துடன் நின்றாரல்லர். அந்நள்ளிரவிலும் உறங்காத இருவரைக் கூறுகின்றார்: ஒருவன் கள்வன், மற்றவன் காவலன். பிறகு மறை ஓதும் ஒலியும், யாழில் மருதப் பண்ணும், யானைக்குக் கவளமூட்டும் பாகரும், கடைத்தரை மெழுகுவோரும், கதவு திறக்கும் ஓசையும் என ஊர் ஒவ்வொன்றாக விழிக்கின்றது. நகரம் உறங்குகின்றது எனின் யார் உறங்குகின்றார், யார் விழித்துள்ளார் என்று எண்ணிப் பார்த்த கவிஞர் அவர்.

நம் நகரின் வைகறை

இவ்விரு பாடல்களையும் கைக்கொண்டு மும்பையை நோக்குவோம். இந்நகரின் மின்தொடர் வண்டிகள் இரவில் ஏறத்தாழ மூன்று மணி நேரமே ஓய்கின்றன. நான்கு மணியளவில் முதல் வண்டி புறப்படுகையில் தாதர் பூச்சந்தை விழித்துவிடுகின்றது. சசூன் துறையில் மீன் கூடைகள் இறங்குகின்றன. தாராவியின் சந்துகளில் நம் தமிழ்க் குடும்பங்கள் இட்லிப் பானையை அடுப்பேற்றிவிடுகின்றன. விடிந்ததும் அவ்விட்லி மிதிவண்டியேறி நகரெங்கும் செல்லும். மருதனார் கண்ட கூவியரின் வழித்தோன்றல்கள் இவர்கள் என்று சொல்லத் தோன்றுகின்றது. இவர்கள் உறங்கும் நேரத்தைத்தான் கண்டறிய இயலவில்லை.

புகையின்மை என்னும் சொல்லும் இங்கு வேறு பொருள் கொள்கின்றது. இலண்டனில் அது அடுப்பு மூட்டுமுன் கிடைத்த சிறு ஓய்வு. பின்னாளில் 1952 டிசம்பரில் அந்நகரின் நிலக்கரிப் புகையே ஆயிரக்கணக்கானோரின் உயிரைக் குடித்தது. செம்பூரை அடுத்த மாகுலில் 1950களில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் எழுந்தபின், புகையற்ற காலை அப்பக்கத்தார்க்கு அரிதாயிற்று. பரேலிலோ 1982 ஜனவரி 18 அன்று ஏறத்தாழ இரண்டரை இலட்சம் நெசவாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். பல ஆலைகள் மீண்டும் முழுமையாக இயங்கவே இல்லை. அங்குப் புகைக்கூண்டுகளின்மேல் வானம் தெளிந்தது. ஆயிரமாயிரம் அடுப்புகளிலும் புகை அடங்கியது. புகையற்ற காற்று எல்லார்க்கும் ஒரே கவிதை அன்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில் மகளை அழைத்துக்கொண்டு சயான் நிலையத்து நடைமேம்பாலத்தின்மேல் நின்றோம். ஒருபுறம் தாராவியின் தகரக் கூரைகளும் நீலத் தாள்களும் மெல்லொளியில் நனைந்து ஒரே பரப்பாகக் கிடந்தன. உண்மையிலேயே அழகாக இருந்தது. பல்லாண்டுகளுக்கு முன் சென்னை வண்டியில் வந்து இறங்கிய விடியலில், பலகணி வழியே இந்நகரை முதன்முதல் கண்டபோதும் அவ்வாறே இருந்தது. பாலத்தின்மேல் நிற்போர்க்கும் வண்டியில் செல்வோர்க்கும் கவிஞர் கூறியது முற்றிலும் மெய். "இங்கேருந்து பார்த்தா அவர் சொன்னது சரிதான்பா. அம்மாவைக் கூட்டிட்டு வந்திருக்கலாம்" என்றாள் மகள்.

அவள் அன்னை அந்நேரம் குழாயடியில் இருந்தாள். எம் குடியிருப்பில் தண்ணீர் விடியுமுன் வந்து ஏழு மணிக்குள் நின்றுவிடும். நான்கு மணிக்கு எழுந்து, வாயில் விளக்கை ஏற்றி, குடத்தை வரிசையில் வைப்பது அவள் வழக்கம். மகள் கேட்ட வினாவுக்கு விடை அப்போதுதான் புலப்பட்டது. அந்நேரத்தில் எம் வீட்டில் ஒருவர் நன்கு உறங்குவதுண்டு. அவர் வேறு எவருமல்லர், யாமே. இருபதாண்டுகளுக்கும் மேலாக அப்பாடலை ஐயமின்றிச் சுவைக்க முடிந்ததும் அதனாற்போலும்.

இதனால் பாடலைக் குறைத்து மதிப்பிட்டோம் என்று அன்பர்கள் கொள்ளலாகாது. மகளைக் காண நெடுந்தொலைவு சென்ற தந்தைக்கு வழியில் ஒரு நகரம் ஆறுதல் தந்தது; அவ்வாறுதலைப் பதினான்கு அடிகளில் உலகுக்கு விட்டுச் சென்றார். அதனை நம் பிள்ளைகள் கற்கட்டும். அதனுடன் மதுரைக்காஞ்சியையும் கற்கட்டும். பாலத்தின்மேல் நின்று காணும் கண்ணும், தெருவில் இறங்கி எண்ணும் கண்ணும் அவர்க்கு ஒருங்கே வேண்டும். வந்தேறியாக இந்நகரைக் கண்டு, பின் இதனை நாள்தோறும் துயிலெழுப்பும் குடிகளாகிவிட்ட நமக்கு அவ்விரு கண்களும் உரியன.

மறுநாள் நான்கு மணிக்கு எழுந்து குடத்தை யாமே எடுத்துச் சென்றோம். வரிசையில் நின்ற பெண்கள் வியந்து வழிவிட்டனர். இப்போது வாரத்தில் மூன்று நாள் அப்பணி எம்முடையது. வானம் வெளுக்கும் அந்நேரம் அழகுடையதே. ஆயின் அது அமைதியானது என்று இனி எழுத எம்மால் இயலாது.