இலைச் சாறும் வெயிலும்

பர்மாவின் வறண்ட நடுப்பிரதேசத்தில், விடியற்காலையில் வட்டமான ஒரு கல்லின்மேல் நீர் தெளித்து, மரக்கட்டையின் பட்டையை நாம் சந்தனம் இழைப்பதுபோலவே இழைத்து, அந்த வெண்மஞ்சள் குழம்பைக் கன்னங்களில் பூசிக்கொண்டு வயலுக்குப் புறப்படும் பெண்களைக் கண்டவர்கள், அதை வெறும் அலங்காரம் என்று தள்ளிவிட மாட்டார்கள். தனாக்கா எனப்படும் அந்த லேபனத்தைத் தரும் மரம் நம் நாட்டு மகாவில்வமேயாகும். அதன் பட்டையிலுள்ள மார்மெசின் என்னும் பொருள் புற ஊதாக் கிரணங்களை ஓரளவு உறிஞ்சுவதை ரசாயன ஆராய்ச்சி கண்டிருப்பதால், பாட்டிமாரின் அனுபவத்துக்கு ஆதாரம் இல்லாமற் போகவில்லை. ஆனால் கன்னத்தில் இலை வடிவம் தீட்டிக்கொண்டு கழுத்தையும் காதுமடலையும் வெறுமையாய் விட்டுவிட்டால், வெயில் அங்கேதான் தன் வேலையைச் செய்யும்.

ஓடி ஒளிய வகையில்லாத தாவரம், குவெர்செட்டின் போன்ற பிளேவனாய்டுகளைத் தன் இலையின் மேற்றோலில் திரட்டி வெயிலைத் தாங்குகிறது என்பது மெய்யே. ஆயினும் இலைக்கு உதவுவது அதே அளவில் நம் சருமத்துக்கும் உதவும் என்று கொள்வதில்தான் பிழை புகுகிறது. உயிருள்ள இலை குறைவதை ஈடுசெய்துகொள்ளும், சிமிழில் அடைபட்ட சாறோ நாளுக்கு நாள் கெட்டுக்கொண்டே போகும். மஞ்சளையே பாருங்கள்: தோலைச் சுட்டுச் சிவக்க வைக்கும் கிரணங்கள் பெரும்பாலும் 290 முதல் 320 நானோமீட்டர் வரையில் இருக்க, மஞ்சளிலுள்ள குர்குமின் மிகுதியாக உறிஞ்சுவதோ 425 நானோமீட்டரை ஒட்டிய, கண்ணுக்குத் தெரியும் ஒளியை. வேஷ்டியில் பட்ட மஞ்சள் கறையை வெயிலில் உலர்த்திப் போக்கும் நம் வீட்டுப் பெண்களுக்கு, வெயிலின்முன் அது எத்தனை நேரம் நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை.

தேங்காயெண்ணெய்க்கு, வெயிலைத் தடுக்கும் திறனைக் குறிக்கும் எண்ணான எஸ்.பி.எஃப். 7 அல்லது 8 என்று பலர் உற்சாகத்தோடு எழுதுகிறார்கள். அது எண்ணெயைச் சாராயத்தில் கரைத்துக் கருவியில் அளந்த எண். மனிதத் தோலில் சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசி, தோல் எப்போது சிவக்கிறது என்று பார்த்துக் கண்ட எண்ணன்று. இரண்டையும் ஒன்றாக்குவது அறியாமையினாலென்றால் மன்னிக்கலாம், வியாபாரத்துக்காகவென்றால் மன்னிப்பதற்கில்லை.

தாவரப் பொருளின் உண்மையான பலம், என் அபிப்பிராயத்தில், குடையாக நிற்பதில் இல்லை. குடையைக் கடந்து வந்த கிரணங்கள் விளைக்கும் கேட்டைத் தணிக்கும் துணையாக இருப்பதில்தான். அரிசித் தவிட்டிலும் கிடைக்கும் ஃபெருலிக் அமிலத்தை 0.5 சதவிகிதம், வைட்டமின் சி, ஈ கலந்த கரைசலில் சேர்த்தபோது, பன்றித் தோலில் அக்கரைசலின் பாதுகாப்பு ஏறத்தாழ இரு மடங்கானதாக 2005-இல் வெளியான சோதனை காட்டிற்று.

இன்னொன்றும் உண்டு. தாவரங்கள் சோராலென் என்னும் பொருளை ஆக்கிக்கொள்வது இதே மார்மெசினிலிருந்துதான். அந்தச் சோராலெனோ தோலை வெயிலிலிருந்து காப்பதற்கு மாறாக, வெயிலுக்கு இரையாக்குவது. வெண்புள்ளிக்கு மருந்தாகும் கார்போகரிசியில் இருப்பது அதுவே. அதனால்தான் அம்மருந்தைப் பூசி வெயில் காட்டச் சொல்லும் வைத்தியர், எத்தனை நிமிஷம் என்பதையும் எண்ணிச் சொல்லி அனுப்புகிறார்.