ஸ்பேனியலுக்கு மொட்டை வேண்டாம்

பங்குனி பிறந்து, தென்பெண்ணையில் தண்ணீர் வற்றி வெறும் மணல் தெரியத் தொடங்கியதும், மணலூர்பேட்டை, திருக்கோவிலூர்ப் பக்கங்களில் முடி அடர்ந்த நாய் வைத்திருப்பவர்கள் ஒரே முடிவுக்குத்தான் வருகிறார்கள். காக்கர் ஸ்பேனியலானாலும் பொமரேனியன் என்று நாம் அழைக்கிற ஸ்பிட்ஸானாலும் மெஷினை வைத்து அடியோடு மழித்துவிடுவது. இதன் பின்னால் இருப்பது குரூரம் இல்லை, அன்புதான். வெயில் காலத்தில் குழந்தைக்கு மொட்டை போட்டால் தலை குளிர்கிறது, பேன் போகிறது, அடுத்த முறை முடி அடர்த்தியாக முளைக்கிறது என்று தலைமுறை தலைமுறையாக நம்பி வந்திருக்கிறோம். அதே கணக்கை நாய்க்கும் போடுகிறோம். இன்னொரு பக்கம், முடியில் கத்தரியே படக் கூடாது, இனத்தின் அழகே அதில்தான் இருக்கிறது என்று பிடிவாதம் பிடிப்பவர்களும் உண்டு. இந்த இரண்டு தரப்பும் ஒரே தவற்றைச் செய்கின்றன என்பது என் எண்ணம். நாயின் உடம்பு முழுவதற்கும் ஒரே விடை இருப்பதாக இருவருமே நினைக்கிறார்கள். முதுகில் இருக்கிற முடிக்கும் வயிற்றில் இருக்கிற முடிக்கும் வேலை வேறு. அதைப் பிரித்துப் பார்த்தால் சண்டையில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

மொட்டைக் கணக்கு முதலில் எங்கே தவறுகிறது என்று பார்க்கலாம். மனிதத் தோல் முழுக்க வியர்க்கும். மழித்த தலையில் காற்றுப் பட்டால் வியர்வை ஆவியாகிறது, அந்த ஆவியோடு சூடும் போகிறது. நாய்க்கு இந்த வசதி இல்லை. சூட்டைத் தணிக்கும் அளவுக்கு அதன் உடம்புத் தோல் வியர்ப்பதில்லை. பாதத்தின் மெத்தைப் பகுதியில் கொஞ்சம் ஈரம் கசியும், அவ்வளவே. சுமார் 38.3 முதல் 39.2 டிகிரி வரை இருக்க வேண்டிய தன் உடல் வெப்பத்தை அது காப்பாற்றுவது பெரும்பாலும் நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான். அடுத்தபடியாக, குளிர்ந்த தரையில் வயிற்றைப் பரப்பிப் படுத்து. ஆகவே முதுகை மழிப்பதால் ஆவியாகிப் போகக்கூடிய வியர்வை எதுவும் புதிதாக வந்துவிடாது. மாறாக, வெயில் நேரே விழுகிற இடம் முதுகு. அங்கே இருக்கிற முடி சூரியக் கதிரைத் தன் நுனியிலேயே வாங்கிக்கொண்டு, தோலுக்கும் வெயிலுக்கும் நடுவே ஒரு காற்றுப் படலத்தை வைத்திருக்கிறது. கறுப்பு நாயைத் தொட்டால் கொதிக்கிறதே என்பார்கள். கொதிப்பது முடியின் மேற்பரப்பு. விரலை உள்ளே விட்டுத் தோலைத் தொட்டால் அந்தச் சூடு குறைந்திருப்பது தெரியும். அந்த முடியை எடுத்துவிட்டால் அதே வெயில் தோலிலேயே விழும். வெளிர் நிற நாய்களில், நிறமி குறைந்த தோல் வெந்து சிவப்பதும் இதனால்தான்.

முடியை மழிக்கவே கூடாது என்பவர்கள் இந்த இடத்தில் ஒட்டகத்தைச் சாட்சிக்கு அழைப்பதுண்டு. 1950-களில் அல்ஜீரியப் பாலைவனத்து பெனி அப்பேஸில் ஆய்வாளர் க்னூட் ஷ்மிட்-நீல்சனின் குழுவினர் ஓர் ஒட்டகத்தின் முடியைக் கத்தரித்துப் பார்த்தார்கள். முடியோடு இருந்தவற்றைவிட அது ஏறத்தாழ 50 சதவீதம் கூடுதலாகத் தண்ணீரை இழந்தது. முடி வெயிலைத் தடுக்கிறது என்பதற்கு இது வலுவான சான்றுதான். ஆனால் அப்படியே நாய்க்குப் பொருத்த முடியாது. ஒட்டகம் வியர்க்கும் பிராணி, அதுவும் வெட்டவெளியில் நிற்பது. ஸ்பேனியலோ பகலில் பெரும்பாலும் திண்ணையிலோ சிமென்ட் தரையிலோ மின்விசிறிக்குக் கீழோ கிடப்பது. நிழலில் முதுகு முடியின் குடை வேலைக்குத் தேவை குறைந்துவிடுகிறது. உள்ளே இருக்கிற சூடு வெளியேறுவதற்கும் அதே முடி தடையாக நிற்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஒட்டகக் கதையில் பாதி மட்டுமே நமக்கு உதவும். அந்தப் பாதி வெயிலில் நடக்கிற, முற்றத்தில் கட்டிக் கிடக்கிற நாயைப் பற்றியது.

நாய்களைப் பற்றியே கிடைக்கிற பெரிய கணக்கு ஒன்று உண்டு. பிரிட்டனில் 2016-ஆம் ஆண்டு கால்நடை மருத்துவமனைகளில் பதிவான ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட நாய்களின் குறிப்புகளை எமிலி ஹாலும் உடனிருந்தவர்களும் ஆராய்ந்து 2020-இல் வெளியிட்டார்கள். லாப்ரடாரோடு ஒப்பிட்டால் வெப்பத் தாக்குதலுக்கு ஆளாகும் வாய்ப்பு சௌ சௌவுக்குப் பதினாறு மடங்குக்கு மேல், புல்டாகுக்குப் பதினான்கு மடங்கு அளவில், கிரேஹவுண்டுக்கு நான்கு மடங்குக்கு மேல், கவலியர் ஸ்பேனியலுக்கு மூன்று மடங்குக்கு மேல், ஸ்பிரிங்கர் ஸ்பேனியலுக்கு இரண்டரை மடங்கு. இந்தப் பட்டியல் இனங்களைத்தான் எண்ணியது, முடியின் நீளத்தை அளக்கவில்லை. அதைக் கொண்டு முடிக்குப் பங்கே இல்லை என்று சொல்லிவிட முடியாது. சௌ சௌவின் கம்பளி உடம்பைக் காட்டி ஒருவர் வாதிடலாம், ஆனால் அதற்கு மூக்கும் குட்டை. புல்டாகும் கிரேஹவுண்டும் ஒட்ட முடி கொண்டவை என்பதுதான் யோசிக்க வைக்கிறது. கட்டை மூக்கு இரைப்பைக் கெடுக்கிறது, ஓட்டம் உடம்பைக் கொதிக்க வைக்கிறது. அதே குழுவினரின் இன்னொரு ஆய்வில் நான்கில் மூன்று பங்கு பாதிப்புக்குக் காரணம் ஓட்டமும் விளையாட்டும் போன்ற உடலுழைப்புதான் என்று தெரிந்தது. சித்திரை மாதத்து மத்தியானத்தில் ஸ்பேனியலை ஆற்று மணலில் ஓடவிட்டுவிட்டு, காலையில் மொட்டை அடித்தாயிற்று என்று ஆறுதல் கொள்வது ஆபத்தான ஆறுதல். மொட்டை செய்யும் பெரிய கெடுதலே இந்தப் பொய்யான நிம்மதி என்பேன்.

மழித்தபின் முடி அடர்த்தியாக வரும் என்ற நம்பிக்கையும் நிற்காது. ஸ்பேனியலின் மேனியில் இரண்டு அடுக்கு முடி இருக்கிறது. வெளியே பட்டுப்போல் படிந்து நீரை வழியவிடும் மேல்முடி, அடியில் பஞ்சுபோன்ற உள்முடி. மெஷின் இரண்டையும் ஒரே மட்டத்தில் வெட்டுகிறது. உள்முடி சீக்கிரம் வளர்கிறது, மேல்முடி பின்தங்குகிறது. சில மாதம் கழித்து நாய் மேல் இருப்பது பஞ்சுப் பொதி. அடர்த்தி கூடிவிட்டது என்று உரிமையாளர் மகிழ்வது இதைப் பார்த்துத்தான். உண்மையில் அது முன்னைவிட எளிதாகச் சிக்குப் பிடிக்கும், ஈரத்தை உறிஞ்சும், காற்றைத் தடுக்கும். அடுத்த கோடையில் மறுபடி மழிக்க வேண்டியதாகிறது. குரும்பை ஆட்டுக்குக் கம்பளி கத்தரிக்கிறோமே, நாய்க்கு மட்டும் என்ன என்று கேட்பது நியாயமான கேள்வி. கம்பளி கத்தரிக்கக் கத்தரிக்க நிற்காமல் வளர்ந்துகொண்டே போவது. ஸ்பேனியலின் முதுகு முடி ஓர் அளவோடு நின்று, உதிர்ந்து, மறுபடி முளைப்பது. நிற்காமல் வளரும் பூடில் நாயின் முடியைக் கத்தரிப்பதில் யாருக்கும் தயக்கமில்லாததற்கும் இதுவே காரணம்.

நம் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் கன்னியும் ஒட்ட முடியோடுதானே இந்த வெயிலில் நிற்கின்றன, மண்ணே சொன்ன தீர்ப்பல்லவா அது என்ற வாதம் எனக்குப் பிடித்தமானது. தமிழ்நாட்டு வெயிலுக்கு நாட்டு நாய்தான் பொருத்தம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இங்கே ஸ்பேனியல் குட்டி வாங்கலாமா என்று யோசிப்பவர் அந்த யோசனையிலேயே நின்றுவிட்டால் நல்லது. ஆனால் வீட்டுக்கு வந்துவிட்ட ஸ்பேனியலை மழிப்பதால் அது சிப்பிப்பாறை ஆகிவிடாது. சிப்பிப்பாறையின் ஒட்ட முடி நுனி முறியாத முழு முடி, தோலோடு ஒட்டிப் படிந்தது. அதன் ஒடுங்கிய உடம்பும் நீண்ட காலும் வெப்பத்தை விடுவதற்கு ஏற்ற அமைப்பு. மழித்த ஸ்பேனியலுக்குக் கிடைப்பது வெட்டுப்பட்ட அடிக்கட்டை முடியும், அதே குட்டைக் காலும், அதே தொங்கு காதும்.

முடியை அப்படியே விட்டுவிட வேண்டும் என்பவர்கள் இதுவரை தலையாட்டிக்கொண்டு வந்திருக்கலாம். அவர்கள் பக்கத்துக் குறை இன்னும் பெரியது. நம் பக்கத்துச் செடிகளைப் பாருங்கள். நாயுருவி என்று ஒரு செடிக்குப் பெயர் வைத்திருக்கிறோம். வரப்போரம், ஆற்றங்கரை, தெரு முனை எங்கும் அது நிற்கிறது. அதன் கதிரில் காய்கள் கீழ்நோக்கி மடிந்து நின்று, உரசிப் போகிற எதன்மேலும் ஏறிக்கொள்ளும். கூடவே ஒட்டுப்புல், நெருஞ்சி. ஸ்பேனியலின் காலிலும் மார்பிலும் தொங்கும் குஞ்சம் இவற்றைத் துடைப்பம்போல் வாரிக்கொண்டு வரும். கூரான புல் விதை விரலிடுக்கில் புகுந்தால் முன்னேதான் போகும், திரும்பி வராது. சீழ் வைத்து நாய் நொண்டும்போதுதான் தெரியும். காதுக்குள் போனால் இன்னும் மோசம். ஸ்பேனியலின் காது ஏற்கெனவே தொங்கி, முடி மூடி, காற்று நுழையாமல் புழுங்குவது. காதுச் சீழ் இந்த இனத்தின் பரம்பரைத் துன்பம் என்றே சொல்லலாம். ஐப்பசி மழையில் நனைந்தோ ஆற்றில் குளித்தோ வந்த நாயின் அடிமுடி காயாமல் இருந்தால் ஒரே இரவில் ஈரப்புண் வெடிக்கும். சிக்குப் பிடித்துச் சடையான முடி தோலை இழுத்துக்கொண்டே இருக்கும். அந்த நாய்க்கு ஒவ்வோர் அடியும் வலி. சடைக்குள் காற்றுப் படலம் ஏது? முடி வெயிலைத் தடுக்கும் குடை என்று மேலே சொன்னதெல்லாம் சீவிய முடிக்குத்தான் பொருந்தும்.

உண்ணியைத் தனியாகச் சொல்ல வேண்டும். நம் ஊர் நாய்களில் எர்லிக்கியா, பபீசியா காய்ச்சலைப் பரப்புவது பழுப்பு நாய் உண்ணி. அது காதின் உட்புறம், விரலிடுக்கு, கழுத்து, அக்குள் என்று மறைவான இடம் பார்த்து உட்காரும். நீள முடியில் கண்ணுக்குத் தெரியாது, கையால் தடவினாலும் தப்பிவிடும். மழித்துவிட்டால் உண்ணி வராது என்பது தவறு. பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடுவது சுவர் விரிசலிலும் தரை இடுக்கிலும். மொட்டை நாய் மேலும் அது ஏறும். முடி குறைந்தால் கண்டுபிடிப்பது எளிது. அந்த அளவுக்கு மழிப்பவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. அந்த நியாயம் காதுக்கும் காலுக்கும் அக்குளுக்கும் உரியது, முதுகுக்கு அல்ல.

இனத்தின் அழகு என்கிறவர்களுக்கு இனத்தின் வரலாற்றையே பதிலாகக் காட்டலாம். ஸ்பேனியல் புதரில் புகுந்து பறவையைக் கிளப்பிவிடுவதற்காக வளர்க்கப்பட்டது. காக்கர் என்ற பெயரே உட்காக் என்னும் பறவையோடு சேர்த்துச் சொல்லப்படுவது. இங்கிலாந்தின் கென்னல் கிளப் வகுத்த இலக்கணமே காக்கரின் முடி படிந்து பட்டுப்போல இருக்க வேண்டும், மிகையாக இருக்கக் கூடாது என்கிறது. தரையைக் கூட்டும் பாவாடைபோன்ற முடி பிற்காலத்தில் கண்காட்சி மேடைக்காக, குறிப்பாக அமெரிக்கக் காக்கரில், பெருகியது. குளிர்சாதன அறையில், தினமும் ஆள் வைத்துச் சீவிக் காப்பாற்றும் கோலம் அது. மணலூர்பேட்டைத் தெருவில் அந்தக் கோலத்தைக் கேட்பது நாயிடம் நியாயமற்ற வேண்டுகோள்.

ஸ்பேனியலின் உடம்பைக் கவனித்தால் ஒன்று தெரியும். அதன் முதுகில் முடி இயல்பாகவே குட்டை. நீளமாக இருப்பது காது, மார்பு, வயிறு, தொடையின் பின்புறம், பாதம். அதாவது வெயில் விழும் இடத்தில் முடி அளவாகவும், வெயில் படாத, அழுக்கும் உண்ணியும் ஏறும் இடத்தில் மிகையாகவும் இருக்கிறது. முதுகை மழிப்பவர் கொஞ்சம் முடியை எடுத்துப் பெரிய காப்பை இழக்கிறார். வயிற்றைத் திருத்துபவர் நிறைய முடியை எடுத்து எதையும் இழப்பதில்லை. தரையின் குளிர்ச்சி அந்த வழியாகத்தான் நாய்க்குள் போகிறது. ஆகவே முதுகில் கத்தரி வேண்டாம். செத்த முடியை விரலாலும் சீப்பாலும் உருவி எடுத்தால் போதும். வயிறு, அக்குள், தொடையிடுக்கு, ஆசனவாயைச் சுற்றி ஒட்ட வெட்டலாம். காதின் உட்புற மேல்பகுதியில் முடியைக் குறைத்தால் காற்று நுழையும். பாத மெத்தைகளுக்கு நடுவே வளர்வதை எடுத்துவிட வேண்டும். மார்புக் குஞ்சமும் கால் குஞ்சமும் ஒரு விரற்கடைக்கு இறங்கினால் நாயுருவிக்குப் பிடிமானம் குறையும். மெஷின் பிடிப்பவர்கள் பிளேடு எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம். 10-ஆம் எண் பிளேடு விட்டுவைப்பது சுமார் 1.5 மில்லிமீட்டர்தான், அது வயிற்றுக்குரியது. அதையே முதுகிலும் ஓட்டிவிடுவதால்தான் நாய் மொட்டையாகிறது. பிளேடு சூடேறித் தோலைச் சுடும் என்பதால் அவ்வப்போது புறங்கையில் வைத்துப் பார்ப்பதும் நல்லது.

இத்தனை பார்க்க யாருக்கு நேரம் என்பதுதான் எஞ்சும் மறுப்பு. மழிப்பு வருடத்துக்கு ஒரு நாள் வேலை. நான் சொல்வது நாள்தோறும் பத்து நிமிடம் சீப்பும் மாதத்துக்கு ஒருமுறை கத்தரியும். இந்த மறுப்பை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. சென்னையிலும் கோவையிலும் தெருவுக்கொன்றாக வரும் நாய் முடிதிருத்தகம் ஒரு பேரூரில் எளிதில் கிடைக்காது. சீவ முடியவே முடியாத வீட்டில், சடை பிடித்த நீள முடியைவிட, உடம்பு முழுக்க ஒரு சென்டிமீட்டர் விட்டு வெட்டுவது நாய்க்கு எவ்வளவோ மேல். சுமார் 9.5 மில்லிமீட்டர் விடுகிற 4 எஃப் பிளேடு அதற்குப் பொருந்தும். கருத்தடை செய்த ஸ்பேனியல்களில் முடி கம்பளிபோல் மாறிப்போவது அடிக்கடி நடப்பது. அவற்றுக்கும் இதே சலுகை உண்டு. கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம் வளர்கிற நாய்க்கு இரண்டாயிரம் அடிக்கு மேலே மார்கழிக் குளிர் உண்டு என்பதால், முதுகு முடியின் தேவை இன்னும் கூடும். காட்டுச் செடிகளின் முள்ளும் கூடும். வயிறும் பாதமும் அடிக்கடி திருத்தப்பட வேண்டும்.

தோல் தெரிய மழித்தே ஆக வேண்டிய நாய்களும் இருக்கின்றன. சடை தோலோடு ஒட்டிப்போனவை, ஈரப்புண் பரவியவை, அறுவைக்குப் போகிறவை. அவற்றை மழித்தபின் முடி ஓரளவு மூடும்வரை பகல் வெயிலில் கட்டாமல் இருக்க வேண்டும். காலை ஏழு மணிக்குள்ளும் பொழுது சாய்ந்த பிறகும் நடக்கக் கூட்டிப்போனால் போதும். மாதங்கள் கடந்தும் முதுகில் முடி முளைக்காமல் திட்டுத் திட்டாக நின்றால், அது மெஷின் செய்த கெடுதலாக மட்டும் இருக்காது. காக்கர் இனத்துக்குத் தைராய்டு சுரப்புக் குறைவு வரக்கூடியது, வளராத முடி அதன் முதல் அடையாளமாக இருப்பதுண்டு. எண்ணெய் தடவிக்கொண்டு காத்திருக்காமல் உள்ளூர்க் கால்நடை மருத்துவரிடமோ, தலைவாசலில் இருக்கிற கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ நாயைக் கொண்டுபோய் இரத்தம் சோதிக்கச் சொல்ல வேண்டும்.