தோற்ற அணிக்கு மறுபருவம் இல்லை

விளையாட்டு நிர்வாகத்தைப் பற்றிப் பேச வருகிறவர்கள் பாஸ்கோனியாவின் பெயரைச் சொல்லாமல் இறங்குவதில்லை. ஸ்பெயினின் வடக்கே, இரண்டரை லட்சம் பேர் வாழும் விட்டோரியா நகரத்துக் கூடைப்பந்துக் கழகம் அது. முகம் தெரியாத இளைஞனை மலிவாகப் பிடிப்பது, வளர்ப்பது, விலை ஏறியதும் கொடுப்பது, அந்தப் பணத்தில் அடுத்தவனைப் பிடிப்பது: இந்தச் சுற்றுதான் அதன் சூத்திரம். சிறிய ஊர் பெரிய ஊர்களோடு மோத இதைவிடச் சிறந்த வழி இல்லை என்பது அவர்களுடைய வாதம். இருபது ஆண்டுகளாக இந்த வாதத்தைக் கேட்டு வருகிறேன். கேட்கும்போதெல்லாம் ஒரே ஐயம்தான் எனக்கு.

சாதனைகளை மறுப்பதற்கில்லை. 1959-இல் தொடங்கிய கழகம் 2002, 2008, 2010, 2020 ஆகிய ஆண்டுகளில் ஸ்பெயின் லீக்கை வென்றது. 1995-க்கும் 2009-க்கும் இடையில் அரசர் கோப்பையை ஆறு முறை எடுத்தது. 1994, 1995 என அடுத்தடுத்து இரண்டு இறுதிப் போட்டிகளில் தோற்றபின், 1996-இல் சொந்த ஊரிலேயே கிரேக்கத்தின் பாவொக் அணியை 88–81 என்று வீழ்த்தி ஐரோப்பியக் கோப்பையைக் கைப்பற்றியது. ரியல் மாட்ரிட்டும் பார்சிலோனாவும் கால்பந்தில் குவியும் பணத்தைக் கூடைப்பந்திலும் கொட்டுகிற நாட்டில் இது சின்ன விஷயமல்ல. 1988 முதல் தலைவராக இருக்கும் ஹோசெயான் கெரெஹேட்டா கெட்டிக்காரர். இதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

அவர் கட்டிய நாற்றங்கால் எப்படி இயங்கியது என்பதையும் சொல்ல வேண்டும். லூயிஸ் ஸ்கோலா பதினெட்டு வயதில் அர்ஜென்டினாவிலிருந்து வந்தார். உடனே களமிறக்காமல் கிஹோன் அணிக்கு இரவலாக அனுப்பினார்கள். ஆந்த்ரேஸ் நோசியோனி மன்ரேசாவுக்குப் போய்த் திரும்பினார். பிரேசில்காரர் டியாகோ ஸ்ப்ளிட்டர் பதினைந்து வயதில் வந்து பில்பாவோவில் பழகினார். ஹோசே கால்டெரோன் அலிகாந்தேயிலும் ஃபுவென்லப்ரதாவிலும் ஆடிவிட்டு வந்தார். பிற ஊர் மண்ணில் வேர் பிடிக்கவைத்து, தண்டு தடித்ததும் பிடுங்கி வந்து நடுகிற வித்தை இது. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அர்ஜென்டினா தங்கம் வென்றபோது ஸ்கோலா, நோசியோனி, ஃபாப்ரீசியோ ஓபெர்டோ என்ற அதன் முன்கள மூவருமே விட்டோரியாவில் ஆடி முதிர்ந்தவர்கள். ஆள் பார்த்து எடுக்கும் கண் பாஸ்கோனியாவுக்கு இருந்ததை யாரும் மறுக்க முடியாது.

இனி என் ஐயத்துக்கு வருகிறேன். நாற்று விற்றது தவறா என்பது என் கேள்வி அல்ல. தோற்ற அணி அடுத்த பருவத்தில் அதே முகங்களோடு திரும்பி வந்ததா என்பதே என் கேள்வி. கூடைப்பந்தின் பெரிய கோப்பைகளைப் பெரும்பாலும் ஒருமுறை சேர்ந்து தோற்றவர்கள்தான் வெல்கிறார்கள். கடைசி இரண்டு நிமிடத்தில் பந்து யாரிடம் போக வேண்டும், யாருக்குக் கை நடுங்கும், யார் அடித்துத் தவறினாலும் மறுபடி அடிக்கத் துணிவார் என்பதெல்லாம் பயிற்சிக் கூடத்தில் தெரிந்துவிடுவதில்லை. தோல்வியில்தான் தெரியும். அந்தப் பாடத்துக்குப் பாஸ்கோனியா முழு விலையும் கொடுத்தது. படித்தவர்களைத்தான் வைத்துக்கொள்ளவில்லை.

2005-ஐ எடுத்துக்கொள்வோம். மே மாதம் மாஸ்கோவில், போட்டியை நடத்திய சிஎஸ்கேஏ அணியையே அரையிறுதியில் வீழ்த்தி, ஐரோப்பியக் கழகங்களின் முதன்மைப் போட்டியான யூரோலீக்கின் இறுதிக்கு வந்தார்கள். அங்கே மக்காபி டெல் அவீவிடம் 90–78 என்று தோற்றார்கள். அடுத்த மாதம் ஸ்பெயின் லீக்கின் ஐந்தாவது, தீர்மானிக்கும் ஆட்டம் சொந்த அரங்கில். வெற்றி கைக்குள் வந்துவிட்ட நிலையில், கடைசி நொடிகளில் மாட்ரிட்டின் ஆல்பெர்டோ எரேரோஸ் மூன்று புள்ளி வீச்சு ஒன்றைப் போட்டார். ஒரு புள்ளியில் தோல்வி. ஓர் அணியை இரும்பாக்க இதைவிடச் சூடான உலை வேண்டுமா? அந்தக் கோடையில் கால்டெரோன் டொராண்டோவுக்குப் போனார். அர்வீடாஸ் மாசியௌஸ்காஸ் நியூ ஆர்லியன்ஸுக்குப் போனார். பயிற்சியாளர் டூஷ்கோ இவானோவிச் பார்சிலோனாவுக்கே போனார்.

அடுத்த மூன்று ஆண்டுகளும் பாஸ்கோனியா யூரோலீக்கின் கடைசி நால்வரில் ஒன்றாக நின்றது. 2005 முதல் 2008 வரை தொடர்ந்து நான்கு முறை. ரசிகர்கள் இதைப் பெருமையாகச் சொல்வார்கள், சொல்லட்டும். அந்த நான்கு முறையும் அணியை வழிநடத்தியவர்கள் யார்? இவானோவிச், பெராசோவிச், மல்கோவிச், ஸ்பாஹியா. நான்கு மேடை, நான்கு பயிற்சியாளர்கள். ஸ்கோலா, பிரிஹியோனி, ஸ்ப்ளிட்டர் ஆகிய வீரர்கள் 2007 வரை இருந்தார்களே என்பார்கள். இருந்தார்கள். ஸ்கோலாவைப் பிடித்து வைத்தது அவருடைய ஒப்பந்தத்தில் இருந்த பெரிய விடுவிப்புத் தொகை. அமெரிக்க அணி ஒன்று தன் பங்காக அதில் சில லட்சம் டாலர்களுக்கு மேல் கட்ட விதி இடம் தராது, மீதியை வீரரே சுமக்க வேண்டும். 2002-லேயே அவர்மீது உரிமை எடுத்து வைத்திருந்த சான் அன்டோனியோ காத்திருந்து அலுத்து, 2007-இல் அந்த உரிமையை ஹூஸ்டனுக்குக் கைமாற்றியது. ஸ்கோலாவும் போனார். யூரோலீக் கோப்பை வராமலே அந்தத் தலைமுறை கலைந்தது.

அமெரிக்காவுக்குப் போகிறவர்களைத் தடுக்க முடியாது என்ற சமாதானத்தை ஏற்கிறேன். நூறு விழுக்காடு ஏற்கிறேன். ஆனால் மற்றவர்கள்? 2002-இல் லீக், கோப்பை இரண்டையும் வென்ற கையோடு ஓபெர்டோ வலென்சியாவுக்குப் போனார். 2016-இல் பெர்லினில், அரையிறுதியில் ஃபெனர்பாசேயைக் கூடுதல் நேரம் வரை இழுத்துச் சென்ற அணி அந்தக் கோடையிலேயே சிதறியது. லீக்கின் மதிப்புமிக்க வீரரான பூருசிஸும் மைக் ஜேம்ஸும் சேர்ந்தாற்போல் பனாதினாய்க்கோஸுக்கு நடந்தார்கள். 2020 ஜூன் 30 அன்று வலென்சியாவில், ஆளில்லாத அரங்கில், லூகா வில்டோசாவின் கடைசி வீச்சில் பார்சிலோனாவை 69–67 என்று வென்று லீக்கை எடுத்தார்கள். சில வாரங்களுக்குள் அணித் தலைவர் ஷெங்கெலியா மாஸ்கோவில். இவர்களில் யாரைக் கழகம் கொடுத்தது, யார் தாமே போனார் என்று பிரித்துக் கணக்கு காட்டுவார்கள். அந்தக் கணக்கு எனக்குப் பொருட்டில்லை. எல்லாரும் போய்விடுகிற வீட்டில் வாசற்படியிலும் ஏதோ பிழை இருக்க வேண்டும்.

பாப்லோ லாசோவின் கதை இந்தப் பிழைக்கு நல்ல சாட்சி. விட்டோரியாவில் பிறந்த பாயின்ட் கார்ட். 1995-இல் அரசர் கோப்பையை ஊருக்கு வாங்கிக் கொடுத்து, அந்தப் போட்டியின் சிறந்த வீரர் விருதையும் பெற்றார். அதே கோடையில் ரியல் மாட்ரிட்டுக்குப் போனார். மறு ஆண்டு ஐரோப்பியக் கோப்பையைச் சொந்த ஊர் தூக்கியபோது அவர் அங்கே இல்லை. பின்னாளில் மாட்ரிட்டின் பயிற்சியாளரானார். 2013-இல் யூரோலீக் இறுதியில் தோற்றார். 2014-இல் மறுபடி இறுதியில் தோற்றார். அவரை மாட்ரிட் அனுப்பிவிடவில்லை. யூல், ரூடி, செர்ஹியோ ரோட்ரிகெஸ், ரெயெஸ் என்ற நடுத்தண்டையும் வெட்டவில்லை. 2015-இல் கோப்பை வந்தது. அந்தக் கடைசி நால்வர் சுற்றின் சிறந்த வீரர் யார் தெரியுமா? விட்டோரியா வளர்த்த நோசியோனி. ஊர்க்காரர் பயிற்சியாளர், ஊர் வளர்த்த வீரர், கோப்பை மட்டும் மாட்ரிட்டுக்கு. பாஸ்கோனியாவுக்கு இன்றுவரை யூரோலீக் கோப்பை கிடையாது. 2024-இல் லாசோ பயிற்சியாளராகச் சொந்த ஊர் திரும்பினார். ஒரே பருவம். 2025 கோடையில் முடிந்தது.

மாட்ரிட் பணக்காரக் கழகம், பொறுமை அதற்குக் கட்டுப்படியாகும் என்பது அடுத்த பதில். அப்படியானால் மலாகாவைப் பார்க்கலாம். அங்கே உனிகாஹா அணியின் பயிற்சியாளர் இபோன் நவாரோவும் விட்டோரியாக்காரர்தான். 2014–15 பருவத்தின் நடுவில் பாஸ்கோனியா அவரைப் பயிற்சியாளர் இருக்கையில் ஏற்றியது, பருவம் முடிந்ததும் வேறொருவரைத் தேடியது. மலாகாவில் ஏறக்குறைய ஒரே கூட்டத்தை மூன்று பருவம் கலையாமல் வைத்திருந்தார். 2023, 2025 அரசர் கோப்பைகளும் 2024, 2025 கூடைப்பந்துச் சாம்பியன்ஸ் லீக் பட்டங்களும் வந்தன. மலாகா பெரிய நகரம், யூரோலீக்கின் பளுவும் அதற்கில்லை என்று சொல்லலாம். சொல்லிக்கொண்டே இருக்கலாம். சிறிய ஊர் என்ற சொல் ஒரு காலத்தில் காரணமாக இருந்தது, இப்போது சாக்காகிவிட்டது. 2012-இல் அரங்கை 15,500 பேர் அமரும்படி விரிவாக்கிய ஊர் இது. 2013-இல் உள்ளூர்க் கால்பந்துக் கழகமான அலாவெஸையும் அதே நிர்வாகம் கையில் எடுத்துக்கொண்டது. கட்டடத்துக்குக் காத்திருக்கத் தெரிந்தவர்களுக்கு ஆட்களுக்காகக் காத்திருக்கத் தெரியவில்லை.

2019-இல் யூரோலீக்கின் கடைசி நால்வர் சுற்று அந்த விரிவாக்கிய அரங்கில்தான் நடந்தது. பாஸ்கோனியா காலிறுதியிலேயே வெளியேறிவிட்டதால் ஊர்க்காரர்கள் அடுத்தவர் ஆட்டத்தைப் பார்த்தார்கள். இறுதியில் சிஎஸ்கேஏவிடம் தோற்ற அனதோலு எஃபெஸ் அணியில் ஷேன் லார்க்கின், ரோட்ரீக் போபுவா என்று இருவர். இருவரும் முன்பு பாஸ்கோனியாவின் சட்டையில் அதே தரையில் ஓடியவர்கள். லார்க்கின் அன்று 29 புள்ளிகள் எடுத்தார். எஃபெஸ் பயிற்சியாளர் அதாமானை மாற்றவில்லை. லார்க்கினையும் சக வீரர் மிசிச்சையும் விடவில்லை, போபுவாவும் தங்கினார். 2021-இல் அவர்கள் யூரோலீக்கை வென்றார்கள், 2022-இல் இன்னொரு முறை.