கரையில் நிற்கும் பாடம்

ஜனவரி பிறந்ததும் சென்னையில் வார இறுதி இரவுகளில் ஒரு கூட்டம் கடலோரமாக நடக்கத் தொடங்கும். நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடைப்பட்ட மணலில், டார்ச் அடிக்காமல், சத்தம் போடாமல், முட்டையிடக் கரையேறும் பங்குனி ஆமையின் தடம் தேடும் நடை அது. கல்லூரி மாணவர்கள், ஐடி ஊழியர்கள், பிள்ளைகளோடு வரும் பெற்றோர்கள் என்று எல்லோரும் இருப்பார்கள். மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பு 1988 முதல் இதை நடத்திவருகிறது. அதற்கும் முன்னால், 1970களின் தொடக்கத்தில், சென்னைப் பாம்புப் பண்ணையை நிறுவிய ராமுலஸ் விட்டேக்கரும் சதீஷ் பாஸ்கர் முதலான இளைஞர்களும் இதே கரையில் ஆமை தேடி நடந்திருக்கிறார்கள். உள்ளூர்ச் சுற்றுச்சூழலைக் கூட்டமாகக் கூடிக் கற்றுக்கொள்வதில் தமிழ்நாட்டில் இவ்வளவு நீண்ட மரபு வேறு எதற்கும் இருக்குமா என்பது சந்தேகம்.

நடையைப் பற்றி வருவதெல்லாம் புகழுரைதான். கலந்துகொண்டவருக்குக் கிடைத்த பரவசமும் ஆமைக்குக் கிடைத்த பாதுகாப்பும் அதில் ஒன்றாகக் குழைந்துவிடுகின்றன. அவற்றைப் பிரித்து எடைபோட மூன்று கேள்விகள் போதும். நேரில் காட்டுகிறதா? காரணத்தைப் புரியவைக்கிறதா? சம்பந்தப்பட்டவர்கள் எல்லோரும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறார்களா?

முதல் கேள்விக்கு முழு மதிப்பெண் தரலாம். அலை தொடும் இடத்திலிருந்து மேலேறி வந்து மறுபடி கடலுக்கு இறங்கும் தடத்தைப் பார்த்தவுடன் தன்னார்வலர் நின்றுவிடுவார். ஆமை தன் உடலால் மணலைத் தட்டிச் சமன் செய்துவிட்டுப் போயிருக்கும்; குழி எங்கே என்று கண்ணுக்குத் தெரியாது. குச்சியால் மெல்ல மெல்லக் குத்திப் பார்ப்பார். கெட்டி மணலில் குச்சி நிற்கும். குழியின் மேல் சட்டென்று இறங்கும். அங்கே கையால் தோண்டுவார். முழங்கை மறையும் ஆழத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகள் இருக்கும். ஒவ்வொன்றாக எண்ணித் துணிப்பையில் எடுத்து, பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் குழி தோண்டிப் புதைக்கிறார்கள். இட்ட சில மணி நேரத்துக்குள் இதை முடித்தாக வேண்டும். தாமதித்தால் உள்ளே கரு ஓட்டோடு ஒட்டத் தொடங்கிவிடும், அசைத்தால் செத்துப்போகும். 45 முதல் 60 நாளில் குஞ்சு வரும். அது ஆணா பெண்ணா என்பதை மணலின் வெப்பம் தீர்மானிக்கும். இத்தனையையும் பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியில் எழுதிவிடலாம். ஆனால் விரல் நுனியில் ஈர மணலோடு கற்றது மறக்காது. ஆமையையே பார்க்காமல் திரும்புகிற இரவுகள்தான் அதிகம் என்பதும் ஒரு வகையில் நல்ல பாடம். இயற்கை நம் வசதிக்கு நேரம் ஒதுக்குவதில்லை.

முட்டையை ஏன் இடம் மாற்ற வேண்டும் என்பதற்கான விளக்கமும் நேர்மையானது. நாய் தோண்டும், ஆள் மிதிப்பார், எல்லாவற்றுக்கும் மேலாக வெளிச்சம். வெளிவரும் குஞ்சு, வெளிச்சமான திசைதான் கடல் என்று நம்பிப் போகும். சென்னையில் அந்தத் திசையில் இருப்பது சாலை விளக்கு. அந்த விளக்கின் கீழ் தினமும் நடைப்பயிற்சி போகிறவருக்கு இது உறைக்கிறது. இதுவரை குறை சொல்ல எதுவும் இல்லை.

இரண்டாவது கேள்வியில்தான் இடறுகிறது. 2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. கண்கள் பிதுங்கி, கழுத்து வீங்கி இருந்தன. மூச்சுமுட்டிச் சாவதன் அடையாளங்கள் அவை. கடலில் வாழ்ந்தாலும் ஆமை நுரையீரலால் சுவாசிக்கும் பிராணி. விசைப்படகுகள் மணிக்கணக்கில் இழுத்துச் செல்லும் இழுவைமடி வலையில் சிக்கினால் மேலே வந்து மூச்சு வாங்க வழியில்லை. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்தது.

இப்போது ஒரு கணக்கு. ஆயிரம் குஞ்சுகளில் ஒன்றுதான் வளர்ந்து முட்டையிட வருகிறது என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. ஒரு குழிக்கு நூறு முட்டை, எல்லாமே பொரிக்கும் என்று வைத்துக்கொண்டால், செத்த ஒரு வளர்ந்த ஆமையை ஈடுகட்டப் பத்துக் குழிகளைக் காப்பாற்ற வேண்டும். ஆயிரம் ஆமைக்குப் பத்தாயிரம் குழி. சென்னைக் கரையில் எந்தப் பருவத்திலும் அவ்வளவு குழிகள் விழுவதில்லை. இரவெல்லாம் விழித்துக் கரையில் சேர்த்ததைக் கடலில் ஒரே மாதம் அழித்துவிடுகிறது என்பதுதான் இந்தக் கணக்கின் பொருள்.

இதைத் தடுக்கச் சட்டம் இல்லாமல் இல்லை. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது. ஆமைப் பருவத்தில், முட்டையிடும் கரைகளை ஒட்டி அந்த எல்லை 5 கடல் மைல். மடியில் சிக்கிய ஆமை வெளியேற வழிவிடும் கருவியும் உண்டு. அதைப் பொருத்தினால் பிடித்த மீனில் ஒரு பகுதியும் போய்விடும் என்பது படகு உரிமையாளர்களின் எதிர்ப்பு. இந்தக் கருவி இல்லாமல் பிடித்த இறாலை அமெரிக்கா தடுத்ததை எதிர்த்துதான் 1990களில் இந்தியா உள்ளிட்ட நாடுகள் உலக வர்த்தக அமைப்பில் வழக்காடின. இதே காரணத்துக்காக 2019 முதல் இந்தியக் கடல் இறாலை அமெரிக்கா வாங்குவதில்லை. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் இறங்கி நம் தட்டுக்கு வரும் இறால் வரை நீளும் இந்தச் சங்கிலியைப் பற்றி நடையின் தொடக்கப் பேச்சில் சில வாக்கியங்கள் வரலாம். ஆனால் இரவின் உடலும் உயிரும் முட்டையைச் சுற்றியே அமைந்திருக்கின்றன. வந்தவர் வீட்டுக்கு எடுத்துப்போவது குஞ்சின் மேல் வந்த பாசத்தை மட்டுமே. சாவின் காரணம் கரையைத் தாண்டிக் கிடக்கிறது, பாடமோ கரையிலேயே நின்றுவிடுகிறது.

மூன்றாவது கேள்விக்கு விடை, நடக்கும் வழியிலேயே இருக்கிறது. கூட்டம் குப்பங்களைக் கடந்துதான் போகிறது: ஏற்றிவைத்த ஃபைபர் படகுகள், குவித்து மூடிய வலைகள். அந்தப் படகுக்காரர்கள் விடியலில் கடலுக்குப் போக வேண்டியவர்கள், அதனால் தூங்கிக்கொண்டிருப்பார்கள். வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்கும், வன்னி, தெண்டி என்று நீரோட்டத்துக்கும் பெயர் வைத்திருப்பவர்கள். கரை ஒதுங்கிய உடல் எந்தப் பக்கமிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்க அவர்களைவிடத் தகுதியானவர் யார்? கரையோரக் கடலுக்குள் விசைப்படகு புகுந்தால் ஆமையோடு சேர்த்து அவர்களுடைய வலையும் பிழைப்பும்தான் போகின்றன. ஆமைக்கு இயல்பான கூட்டாளி அவர்கள்தான். நகரத்துக் கூட்டத்துக்கு அவர்கள் பின்னணிக் காட்சியாக மட்டும் இருப்பது பெரிய குறை. நீலாங்கரையில் இயங்கும் ட்ரீ ஃபவுண்டேஷன் மீனவ இளைஞர்களையே ஆமைக் காவலர்களாக்கியிருப்பது, இது சரிசெய்யக்கூடிய குறைதான் என்பதற்குச் சான்று.

“மாணவர்களால் விசைப்படகையா மறிக்க முடியும்?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. மறிக்கச் சொல்லவில்லை, விளக்கச் சொல்கிறோம். கேரளத்தின் சைலன்ட் வேலிக் காட்டில் அணை கட்டும் திட்டத்தை எதிர்த்து, கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத் என்ற அறிவியல் இயக்கம் ஊர் ஊராக வகுப்பு எடுத்தபோது காட்டின் அழகை மட்டும் பேசவில்லை. மலபாருக்கு மின்சாரம் தேவை என்ற எதிர்த்தரப்பு வாதத்தையும் கையில் எடுத்து, அதற்கு மாற்று வழிகளை எண்களோடு முன்வைத்தது. அணைத் திட்டம் கைவிடப்பட்டு 1984இல் அந்தக் காடு தேசியப் பூங்காவானது. எதிர்த்தரப்பின் தேவையையும் கற்றுத்தரும் கூட்டத்துக்குத்தான் அரசை அசைக்கும் வலு வருகிறது.

இனி நடைக்குச் சாதகமான, அதிகம் பேசப்படாத ஒரு வாதம். வார இறுதிக் கூட்டம் கலைந்த பிறகும், பருவம் முழுக்கத் தினமும் இரவு தன்னார்வலர்கள் நடக்கிறார்கள். தடம், குழி, முட்டை எண்ணிக்கை, பொரித்தவை, செத்து ஒதுங்கியவை எல்லாம் பதிவாகின்றன. செத்த ஆமையை எண்ண ஆள் இல்லாத கரையில் ஆயிரம் என்ன, பத்தாயிரம் செத்தாலும் செய்தியாகாது. 2025இன் சாவுகள் வழக்குவரை போனதற்குக் கரையில் நடந்து எண்ணியவர்களும் காரணம். மாணவர் வலையமைப்பின் பெரிய சாதனை எதுவென்று கேட்டால், கடலில் விட்ட குஞ்சுகளுக்கு முன்னால் பல பத்தாண்டுகளாக விடாமல் எழுதிய இந்தக் குறிப்பேட்டைத்தான் சொல்வேன்.

ஆகவே தீர்ப்பு இது. சாட்சி என்ற அளவில் ஆமை நடைக்கு ஈடில்லை. பள்ளி என்ற அளவில் அது பாதிதான் தேறுகிறது. நடத்துபவர்களுக்குத் தெரிந்ததில் இனிமையான பாதி மட்டும் வந்தவர்களுக்குப் போகிறது. கசப்பான பாதி குறிப்பேட்டோடு தங்கிவிடுகிறது. நடையை நிறுத்தவோ கூட்டத்தைக் குறைக்கவோ தேவையில்லை. செத்த ஆமைகளின் பட்டியலையும் வந்தவர்கள் கையில் கொடுங்கள். குப்பத்து மீனவர் ஒருவரை, உரிய ஊதியம் தந்து, வழிகாட்டியாக முன்னால் நடக்கவிடுங்கள். பருவத்தில் ஒரு நடையையாவது இருட்டு மணலில் வைக்காமல், விடிகாலைக் காசிமேட்டில், ஏலம் போகும் இறாலின் நடுவே வையுங்கள். படகு உரிமையாளரின் நஷ்டக் கணக்கையும் வந்தவர்கள் அங்கே அவர் வாயாலேயே கேட்கட்டும். அதன் பிறகும் ஆமைக்காகப் பேச முன்வருகிறவரைத்தான் இந்த நடை உருவாக்கியது என்று சொல்லலாம்.