ஐந்தில் இல்லாத சிவிங்கி

போன மாசம் மாமா ஒரு பி.டி.எஃப். அனுப்பினார். பதினோரு பக்கம். 'கென்யா வனவிலங்கு சஃபாரி: 6 இரவு, 7 பகல்' என்று தலைப்பு. முதல் பக்கத்தில் ஒரு சிங்கம் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது. கூடவே ஒரு வரி: "நீதான் எதைப் படிச்சாலும் குறை சொல்லுவியே, இதையும் படிச்சுச் சொல்லு."

மாமா அரக்கோணத்தில் ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர், வயது 61. திருத்தணியில் எங்களுக்கு அடுத்த தெரு. 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து 8 சிவிங்கிப்புலிகளை மத்தியப் பிரதேசத்துக் குனோவுக்கு விமானத்தில் கொண்டுவந்தார்கள் இல்லையா, அதை டி.வி.யில் பார்த்த நாளிலிருந்து இந்தப் பைத்தியம். கூண்டுக்கும் வேலிக்கும் வந்ததைப் போய்ப் பார்ப்பதைவிட, அது ஓடும் மண்ணுக்கே போய்விடலாம் என்று கணக்குப் போட்டார். வங்கியில் போட்டுவைத்த ஓய்வுப் பணத்தில் ஒரு பகுதி இதற்குப் போகப்போகிறது. அதனால் ஒரு புத்தகத்தைப் படிப்பதைவிடக் கொஞ்சம் அதிக பயத்தோடுதான் அந்தப் பதினோரு பக்கத்தையும் படித்தேன். நாவலில் பொய் இருந்தால் வாசகனுக்குப் பெரிய நஷ்டமில்லை. பயணத்திட்டத்தில் பொய் இருந்தால் மாமாவுக்கு நஷ்டம்.

திட்டத்தின் கட்டமைப்பு எளிது. நைரோபி, அங்கிருந்து யானைகளுக்கு அம்போசெலி, காண்டாமிருகத்துக்கு நகுரு ஏரி, சிங்கத்துக்கும் மற்றதற்கும் மசாய் மாரா, திரும்ப நைரோபி. ஒவ்வொரு நாளும் ஒரு பத்தி. ஒவ்வொரு பத்தியும் 'சுவையான காலை உணவுக்குப் பின்' என்று தொடங்குகிறது. (ஏழு நாளும் அதே சுவை.) பிறகு 'இயற்கை எழில் கொஞ்சும் பாதையில்' என்றொரு சொற்றொடர். படிக்கும்போது அது வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது. மாமாவுக்கு வழுக்கவில்லை. நாற்பது வருஷம் வண்டி ஓட்டிய கண், பாதை என்று எங்கே வந்தாலும் நேரத்தைத் தேடும். நைரோபியிலிருந்து அம்போசெலிக்கு நாலைந்து மணி நேரம், அங்கிருந்து நகுருவுக்கு ஏழு, நகுருவிலிருந்து மாராவுக்கு ஐந்தாறு, மாராவிலிருந்து நைரோபிக்கு மறுபடி ஐந்தாறு. கூட்டிப் பார்த்தார். சாலையில் 21 மணி நேரத்துக்குக் குறையாது. விலங்கு பார்க்க என்று ஒதுக்கிய நேரத்தை எல்லாம் சேர்த்தாலும் 20 தாண்டவில்லை.

"இது சஃபாரி இல்லடா, குட்ஸ் வண்டி டைம்டேபிள். எங்கயும் நிக்க நேரம் வைக்கல."

சஃபாரி என்றால் சுவாஹிலியில் பயணம்தான். அரபியிலிருந்து போனது, உருதுக்காரர்கள் சொல்லும் 'சஃபர்' அதற்கு உறவு. ஆக அந்தச் சொல்லுக்கு இந்தத் திட்டம் உண்மையாகவே இருக்கிறது, பயணம்தான் நிறைய. ஆனால் இந்த உரைநடை மறைப்பது நேரத்தை மட்டுமல்ல. மசாய் மாராவை நாலு இடத்தில் 'தேசியப் பூங்கா' என்கிறது. அது தேசியக் காப்பகம். நரோக் மாவட்ட நிர்வாகத்தின் கையில் இருக்கிறது, கட்டணமும் அங்கேதான் போகிறது. அந்தக் கட்டணம் வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு 2024 முதல் ஜனவரியிலிருந்து ஜூன் வரை ஒரு நாளுக்கு 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200. காப்பகத்துக்கு வெளியே தங்குபவர்களுக்குச் சீட்டு காலை 6 முதல் மாலை 6 வரைதான். இந்தத் திட்டத்தில் தங்குமிடம் வெளியே. ஐந்தாம் நாள் சாயங்காலம் நாலு மணிக்கு உள்ளே நுழைந்தால், இரண்டு மணி நேரத்துக்கு 200 டாலர் போச்சு. பதினோரு பக்கத்தில் இதற்கு ஒரு வரி இல்லை. 'பூங்காக் கட்டணங்கள் உட்பட' என்று மட்டும் இருக்கிறது. உட்பட என்பது பெரிய சொல், அதற்குள் என்ன வேண்டுமானாலும் உட்படும்.

மூன்றாம் பக்கத்தில் ஒரு கட்டம் போட்ட பட்டியல்: 'பிக் ஃபைவ் – ஐந்தையும் காணலாம்!' சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், காட்டெருமை. பக்கத்தில் டிக் போடச் சின்னச் சதுரங்கள். இந்தப் பட்டியலை அழகுக்காகவோ அபூர்வத்துக்காகவோ யாரும் தொகுக்கவில்லை. கால்நடையாகப் போய்ச் சுடுவதற்கு எந்த ஐந்து மிருகம் ஆபத்தானது என்று வேட்டைக்காரர்கள் போட்டுவைத்த கணக்கு இது. 1909-ல் தியோடர் ரூஸ்வெல்ட் அமெரிக்க அதிபர் பதவி முடிந்த கையோடு கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போனார். அடுத்த வருஷம் எழுதிய புத்தகத்தில் தானும் மகனும் சுட்டதை இனவாரியாக அட்டவணை போட்டிருக்கிறார். மொத்தம் 512. கென்யாவில் வேட்டையாடுவது 1977-ல் தடையாயிற்று. துப்பாக்கி போனது, அட்டவணை மட்டும் சதுரங்களோடு நம் பி.டி.எஃப். வரைக்கும் வந்துவிட்டது. சுட்ட இடத்தில் டிக்.

மாமா கவனித்தது வேறு. "நான் பார்க்கணும்னு சொன்னதே இதுல இல்லையே?"

இல்லைதான். சிவிங்கிப்புலி மனிதனைக் கண்டால் விலகி ஓடும். வேட்டைக்காரனுக்கு அதில் ஆபத்து இல்லை, ஆகவே ஐந்தில் இடமும் இல்லை. ஏழாம் பக்கத்தில், மாரா பகுதியில், 'சிறுத்தைகளை வெகு அருகில் காணும் சிலிர்ப்பு' என்று வருகிறது. இந்தச் சிறுத்தை எது? மூன்றாம் பக்கத்துச் சிறுத்தை லெப்பர்ட். ஏழாம் பக்கத்துப் படத்தில் இருப்பது கண்ணிலிருந்து வாய்வரை கருப்புக் கண்ணீர்க்கோடு இறங்கும் சீட்டா. இரண்டுக்கும் ஒரே பெயரைப் போட்டிருக்கிறார்கள். குனோ செய்தி வந்தபோது சில சேனல்களும் இதையேதான் செய்தன.

தமிழில் அதற்குப் பெயர் இல்லாமலா போயிற்று? சிவிங்கி என்பது பழைய சொல். ஒட்டகச்சிவிங்கி என்று இரண்டாம் வகுப்புப் பிள்ளை சொல்கிறதே, அதில் ஒட்டகம் யாரென்று தெரியும், சிவிங்கி யாரென்று எந்த வாத்தியாரும் சொன்னதில்லை. ஒட்டகம் மாதிரி உடம்பு, சிவிங்கி மாதிரி புள்ளி. ஒட்டகச்சிவிங்கியின் அறிவியல் பெயரில் வரும் 'கமெலோபார்டாலிஸ்' என்பதும் ஒட்டகமும் சிறுத்தையும் சேர்ந்த சொல்தான். நம் நாட்டில் இருந்த மிருகம் அழிந்தது, ஆப்பிரிக்க மிருகத்தின் பெயருக்குள் வாலாக ஒட்டிக்கொண்டு அதன் பெயர் மட்டும் தப்பித்தது.

இங்கேதான் எனக்கு இந்தத் திட்டத்தைப் படிப்பது வேறு விஷயமாக ஆயிற்று. இந்தியாவின் கடைசிச் சிவிங்கிகள் என்று எல்லாரும் சொல்வது 1947-ல் கொரியா சமஸ்தான ராஜா ஒரே இரவில் சுட்ட மூன்றை. அதற்கும் பிறகு ஒரு பதிவு உண்டு. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்விதழில் 1952-ல் கிர்க்பாட்ரிக் என்பவர் எழுதிய சின்னக் குறிப்பு, 1951-ல் ஒரு சிவிங்கியைப் பார்த்ததைப் பற்றி. எங்கே? தலைப்பிலேயே இருக்கிறது: சென்னை மாகாணம், சித்தூர் மாவட்டம்.

1951-ல் திருத்தணி எந்த மாவட்டம்? சித்தூர் மாவட்டம்தான். 1953-ல் ஆந்திரம் பிரிந்தபோது சித்தூரோடு அங்கே போய், ம.பொ.சி.யின் எல்லைப் போராட்டமெல்லாம் நடந்து, 1960 ஏப்ரல் 1-ல்தான் தமிழ்நாட்டுக்கு வந்தோம். அந்த மிருகத்தை நம்ம மலையடிவாரத்தில் பார்த்தார் என்று சொல்ல வரவில்லை, மாவட்டம் பெரியது. ஆனால் இந்த நாட்டில் காட்டுச் சிவிங்கியைப் பற்றிய கடைசிப் பதிவுகளில் ஒன்று எங்கள் மாவட்டத்து மண்ணில். அதே 1951-ல்தான், மாராவுக்கு எல்லைக்கு அந்தப் பக்கம், தான்சானியாவில் செரங்கெட்டி தேசியப் பூங்கா ஆயிற்று. எல்லை யாருக்கு என்று நாங்கள் சண்டை போட்ட அதே வருஷங்களில், எல்லைக்குள் என்ன இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. இதை மாமாவிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்ப எங்க அப்பா பார்த்திருப்பாரோ?" என்றார். தாத்தாவுக்கு மாடு இருந்தது, தினமும் குன்றுப் பக்கம் ஓட்டிப்போனவர். கேட்க ஆள் இல்லை.

ஆக மாமா பார்க்கப் போவது ஏதோ வெளிநாட்டு விலங்கு இல்லை. அதனாலேயே ஏழாம் பக்கத்துப் படம் இன்னும் மோசமாகத் தெரிந்தது. ஒரு சிவிங்கி ஜீப்பின் முன்மூடி மேல் உட்கார்ந்திருக்கிறது, கைநீட்டும் தூரத்தில் நாலு பேர் செல்ஃபி. கீழே 'வெகு அருகில்'. மாராவின் விதிப்படி வண்டி 25 மீட்டர் தள்ளி நிற்கவேண்டும். ஒரு விலங்கைச் சுற்றி ஐந்து வண்டிதான், மற்றவர்கள் தூரத்தில் காத்திருக்கணும், காத்திருப்பவர்கள் இருந்தால் பத்து நிமிஷத்தில் இடம் விடணும். எங்கள் ஆடிக் கிருத்திகை வரிசையில் 'நகருங்க, நகருங்க' என்பார்களே, அது போல. ஆனால் சாமிக்கு நம்மால் ஒன்றும் ஆவதில்லை.

சிவிங்கிக்கு ஆகிறது. ஃபெம்கே புரூக்ஹூயிஸ் என்ற ஆய்வாளர் மாராவில் குட்டிபோட்ட சிவிங்கிகளைத் தொடர்ந்து கவனித்து 2018-ல் வெளியிட்ட கணக்கு இது: சுற்றுலா வண்டிகள் குறைவாக வரும் பகுதியில் ஒரு தாய் ஓர் ஈற்றில் தனித்து வாழும் பருவம்வரை வளர்த்தெடுத்தவை சராசரியாக 2.3 குட்டிகள். வண்டிகள் மொய்க்கும் பகுதியில் 0.2. வண்டி ஏறிக் குட்டி சாவதில்லை. சிவிங்கி பகலில், திறந்த புல்வெளியில் வேட்டையாடும் பிராணி, நாம் போகும் நேரமும் அதுதான். இரை கலைந்து ஓடினாலோ, பிடித்த இரையை விட்டுவிட்டுத் தாய் நகர்ந்தாலோ, குட்டிக்கு அன்றைக்குச் சாப்பாடு இல்லை. சிங்கத்துக்கு இது பெரிய பொருட்டில்லை, மரத்தடியில் படுத்துக்கொண்டு நம்மைப் பார்த்துக் கொட்டாவி விடும். முதல் பக்கத்துச் சிங்கம் அதைத்தான் செய்கிறது.

இந்தக் கணக்கைச் சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். மனுஷன் நாலு வருஷமாக ஆசைப்பட்டது. சொன்னேன்.

"அப்ப போகாம இருக்கணும்னு சொல்றியா?"

அப்படிச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை, அது சரியான முடிவென்றும் தோன்றவில்லை. யாருமே போகாவிட்டால் அந்தப் புல்வெளி கோதுமை வயலாகவோ வேலி போட்ட நிலமாகவோ ஆக ரொம்ப நாள் பிடிக்காது. காப்பகத்தை ஒட்டி நபோய்ஷோ, ஓலாரே மோட்டொரொகி, மாரா நார்த் என்று மசாய் மக்களின் சொந்த நிலங்களைக் குத்தகைக்கு எடுத்து நடத்தும் பாதுகாப்பு நிலங்கள் இருக்கின்றன. நில உரிமையாளருக்கு வாடகை போகிறது, கூடாரங்களின் எண்ணிக்கைக்கும் வண்டிகளுக்கும் கட்டுப்பாடு உண்டு. அங்கேயும் மாடு மேய்க்கும் இடம் குறைகிறது என்ற குறை உண்டு, எல்லாம் சொர்க்கம் என்று நினைக்கவேண்டாம். தங்கும் செலவும் கூட. நம் பதினோரு பக்கத்தில் மசாய் மக்கள் வருவது ஒரே ஒரு இடத்தில்: 'மாலை 4 முதல் 5 வரை: மசாய் கிராமம், பாரம்பரிய நடனம்.' நிலத்துக்குச் சொந்தக்காரர்களுக்கு ஒரு மணி நேரம், அதுவும் குதித்துக் காட்ட.

கடைசியில் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து அந்தத் திட்டத்தைத் திருத்தினோம். அம்போசெலியை அடித்தோம், நகுருவை அடித்தோம். டிசம்பர் 31 ராத்திரி எங்கள் ஊரில் திருப்படித் திருவிழா நடக்கும், 365 படிக்கும் படிக்கொரு பாட்டாகப் பாடி, கற்பூரம் ஏற்றி ஏறுவார்கள். காரில் போனால் பத்து நிமிஷத்தில் மேலே. மாமா வருஷா வருஷம் படியில்தான் ஏறுவார், அதனால் இரண்டு இடத்தை அடித்ததில் அவருக்கு வருத்தமே இல்லை. பாதுகாப்பு நிலத்தில் நாலு இரவு, ஒரே முகாம். ஆகஸ்டில் போனால் தான்சானியாவிலிருந்து வரும் லட்சக்கணக்கான வில்டபீஸ்ட் கூட்டம் கிடைக்கும், அதோடு வண்டிக் கூட்டமும், இரட்டைக் கட்டணமும். ஆடிக் கிருத்திகையும் தவறிப்போகும். ஜூன் முதல் வாரம் என்று மாற்றினோம். மழை முடிந்து புல் உயரமாக இருக்கும், சிவிங்கி கண்ணில் படுவது கடினம். அதைத் தெரிந்தேதான் மாற்றினார்.

ஊசி ஒரு பிரச்சினை. கென்யா போய்த் திரும்புகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் வைத்திருக்காவிட்டால் இங்கே இறங்கியதும் தனிமைப்படுத்துவார்கள், ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். 60 வயது தாண்டியவர்களுக்குப் பக்கவிளைவு ஆபத்து கொஞ்சம் கூடுதல் என்பதால் டாக்டர் பார்த்துச் சொல்லணும். இதுவும் பதினோரு பக்கத்தில் இல்லை. டாக்டர் பார்த்தார், சரி என்றார், கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டாச்சு.

பயண ஏற்பாட்டாளருக்கு மாமா தமிழில் பதில் எழுதினார். நான் திருத்தவில்லை. "ஐந்து வண்டி நின்றால் எங்கள் வண்டியை அங்கே விடவேண்டாம். சிவிங்கியைத் தூரத்திலிருந்து பார்த்தால் போதும். பார்க்காவிட்டாலும் சண்டை போடமாட்டேன். பெயரை மட்டும் சரியாகப் போடவும்." மறுநாள் திருத்திய பி.டி.எஃப். வந்தது. எட்டுப் பக்கம். ஜீப் மேல் உட்கார்ந்த படம் அப்படியே இருக்கிறது, கீழே 'சிவிங்கி' என்று மாற்றியிருந்தார்கள்.