திருடனைத் தேடும் குருவானவர்

1954-ஆம் ஆண்டு ராபர்ட் ஹேமர் இயக்கிய ‘ஃபாதர் பிரவுன்’ ஒரு நகைச்சுவைத் துப்பறியும் படம். செஸ்டர்ட்டன் 1910 முதல் எழுதிவந்த சிறுகதைகளின் குருவானவரே இதன் நாயகர். முதற்காட்சியில் அவர் பிறருடைய அலுவலகமொன்றின் இரும்புப்பெட்டியருகே காவலரிடம் அகப்படுகிறார். உண்மையில், தம் சபையான் ஒருவன் திருடிய பணத்தைத் திரும்ப வைக்கவே அவர் வந்திருந்தார்!

அதே ஆண்டில் சென்னையில் எஸ். பாலசந்தர் பாட்டும் நடனமும் இன்றி ‘அந்த நாள்’ படத்தை அளித்தார். கொலையாளி யார் என்பது வெளிப்பட்டதும் அங்கே துப்பறிவோரின் பணி முடிந்துவிடுகிறது. பிரவுனுக்கோ பணி அப்போதுதான் தொடங்குகிறது. ஃபிளாம்போ என்னும் பெருந்திருடன் புனித அகுஸ்தீனின் சிலுவையைக் கவர்ந்து செல்கிறான். சிலுவையை மீட்பதைவிட அவன் ஆத்துமாவை மீட்பதையே குருவானவர் பெரிதாக எண்ணுகிறார். அலெக் கின்னஸின் தடுமாறும் நடையும் மங்கிய பார்வையும் நகைப்பூட்டுகின்றன. ஆனால் அந்தப் பார்வைக்குத் தப்புவது எதுவுமில்லை.

பாவ அறிக்கை கேட்டுப் பழகியவருக்கே மனித இருதயத்தின் கேடு தெரியும் என்பது செஸ்டர்ட்டனின் எண்ணம். தனி அறிக்கை அருகிப்போன நம் சபைகளில் போதகருக்கு அந்த அறிவு எங்கிருந்து வரும்? (பஞ்சாயத்துக் கூடினால் வருமென்று நம்புவோர் சிலர் உண்டு.) கோவிலம்பாக்கத்தில் ஒரு சபையின் காணிக்கைப்பெட்டி உடைபட்டதென்று வைத்துக்கொள்வோம். காவல் நிலையம் செல்வதா, மூடி மறைப்பதா என்றே நாம் வாதாடுவோம். அவனைத் தேடிச் செல்வது யார் என்ற கேள்வி எழுவதேயில்லை.

ஆயினும் படத்தின் முடிவு நமக்கு நிறைவளிக்கவில்லை. ஃபிளாம்போ செல்வரிடமே திருடுகிறான். பீட்டர் ஃபின்ச்சின் கவர்ச்சியும் சேர்ந்துகொள்ள, அவனை மன்னிப்பது பார்ப்போருக்கு எளிதாகிவிடுகிறது. சகேயு நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்க முன்வந்தான். ஃபிளாம்போவின் மனமாற்றத்தில் இழந்தவர்களின் முகம் தெரிவதில்லை. அவ்வகையில், முடிவைவிட அந்த இரும்புப்பெட்டிக் காட்சியே ஆழமானது. அங்கே பாவியும் காக்கப்படுகிறான், பணமும் உரியவரைச் சேர்கிறது. அதற்கான அவமானத்தை மேய்ப்பர் ஏற்கிறார்.

பிரான்சில் படப்பிடிப்பின்போது, அங்கியணிந்து நடந்த கின்னஸை மெய்யான குருவென்று எண்ணிய சிறுவன் ஒருவன் அவர் கையைப் பற்றிக்கொண்டு உடன் நடந்தானாம். 1956-இல் கின்னஸ் கத்தோலிக்க சபையில் சேர்ந்தார். அவர் சேர்ந்த சபையைக் குறித்து நாம் வேறுபடலாம். முன்பின் அறியாத அங்கியை அந்தச் சிறுவன் நம்பினான். நம் போதகரின் அங்கியைக் கண்டு எந்தத் திருடன் அருகே வருவான்?