கடைக்குள்ளிருந்து பார்த்த தெரு

வலியசாலையைப் பற்றி ஒரு பத்தி எழுதித் தரும்படி செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டேன். சில நொடிகளில் வந்தது: "திருவனந்தபுரத்தின் இதயப் பகுதியில் அமைந்துள்ள வலியசாலை, பழமையும் புதுமையும் கைகோர்க்கும் ஓர் அழகிய இடமாகும். இங்குள்ள அக்ரஹாரங்கள் தமிழ்ப் பண்பாட்டின் வாழும் சாட்சியாகத் திகழ்கின்றன." எழுத்துப் பிழை இல்லை, சந்திப் பிழை இல்லை. தகவலிலும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் வலியசாலை என்ற பெயரை எடுத்துவிட்டுப் பாலக்காட்டுக் கல்பாத்தி என்று போடுங்கள். ஊர்ப்பெயரையும் மாற்றிக் கும்பகோணத்துத் தெரு ஒன்றைப் போடுங்கள். வாக்கியம் கொஞ்சமும் அசையாது. எந்தத் தெருவுக்கும் பொருந்துகிற வாக்கியத்துக்குள் எந்தத் தெருவும் இல்லை.

இதே இடத்தின் பெயர் வருகிற இன்னோர் எழுத்து இருக்கிறது. ஆய் மன்னன் கருநந்தடக்கன் கி.பி. 866இல் வெளியிட்ட செப்பேடு அது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் முஞ்சிறைக்கு அருகே பார்த்திவசேகரபுரத்தில் அவன் கோயிலும் சாலை என்ற வேதக் கல்வி நிலையமும் ஏற்படுத்தினான். காந்தளூர்ச் சாலையில் என்ன முறையோ அதே முறைதான் இங்கும் என்று அந்தச் செப்பேடு சொல்கிறது. அந்தக் காந்தளூர் நம் வலியசாலைதான் என்று பலரும் கொள்கிறார்கள். இங்குள்ள சிவன் கோயிலுக்குக் காந்தளூர் என்ற பெயர் இன்றும் இருக்கிறது.

செப்பேட்டை எழுதியவர் அலங்காரம் எதுவும் செய்யவில்லை. கல்வியின் பெருமையைப் பற்றி நீட்டி முழக்கவில்லை. சாலையில் இடம் பெறுகிற சட்டர், அதாவது மாணவர், 95 பேர் என்கிறார். அதோடு நிறுத்தாமல் சரணம் என்ற வேதப் பிரிவு வாரியாகப் பிரித்தும் சொல்கிறார்: பவிழிய சரணத்தார் 45, தைத்திரிய சரணத்தார் 36, தலவகார சரணத்தார் 14. கூட்டிப் பார்த்தால் கணக்கு சரியாக இருக்கிறது. சேர விரும்புகிறவருக்கு வியாகரணமும் மீமாம்சையும் புரோகிதமும் தெரிந்திருக்க வேண்டும். மூன்று அரசுகளின் நடைமுறையும் தெரிந்திருக்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதற்கு அடுத்து வருவது. ஒருவரையொருவர் வைதால் தண்டம். ஆயுதத்தோடு சபைக்கு வரக் கூடாது.

இந்த விதிகளை மெல்லப் படித்தால் மனிதர்கள் தெரிகிறார்கள். யாரும் வையாத இடத்தில் வசவுக்குத் தண்டம் எழுதமாட்டார்கள். ஆயுதம் தூக்கிக்கொண்டு யாராவது ஒருவர் சபைக்குள் வந்திருக்க வேண்டும், வாய்ச்சண்டை முற்றியிருக்க வேண்டும், பெரியவர்கள் கூடிப் பேசி முடிவெடுத்திருக்க வேண்டும். மீமாம்சை படித்த இளைஞர்களின் கோபம் ஆயிரத்து நூறு வருடங்களுக்கும் மேலாகச் செம்பில் தங்கிவிட்டது. எழுதியவர் அதை ஓவியமாகத் தீட்ட நினைக்கவில்லை. நடந்ததைத் தடுக்க நினைத்தார். அந்த அக்கறையே எழுத்துக்கு உயிராகிவிட்டது. "புகழ்பெற்ற பழங்காலக் கல்வி நிலையம்" என்று இயந்திரம் எழுதுகிற இடத்தில் செப்பேடு 14 தலவகாரரைத் தனியாக எண்ணி உட்கார வைக்கிறது.

இயந்திரம் ஏன் அப்படி எழுதுகிறது என்பதற்குக் காரணம் அதன் வேலைமுறையிலேயே இருக்கிறது. மலைபோல் குவிந்த எழுத்தைப் படித்து, இதுவரை வந்த சொற்களுக்குப் பின் எந்தத் துண்டுச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று கணித்துக் கணித்துச் சேர்த்துக்கொண்டே போகிறது. வாய்ப்பு அதிகமுள்ளது என்றால் பலரும் ஏற்கெனவே சொன்னது. அக்ரஹாரம் என்றதும் பண்பாடு வரும், பண்பாடு என்றதும் சாட்சி வரும். இணையத்தில் கிடைக்கிற எழுத்தில் தமிழின் பங்கு நூற்றில் ஒன்றுகூட இல்லை. அதிலும் வலியசாலைக்கு எவ்வளவு இருக்கும்? தெரியாத இடத்தைப் பொதுச் சொற்களால் அது நிரப்பிவிடுகிறது. இந்தப் பொதுச் சொற்களை அதற்குக் கற்றுக்கொடுத்தவர்கள் நாம்தான் என்பதையும் சொல்ல வேண்டும். சுற்றுலாக் கையேடுகளிலும் விழா மலர்களிலும் இந்த நடை 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வருவதற்கு வெகுகாலம் முன்பே குடியிருந்தது. மனிதர் எழுதியது என்பதாலேயே ஒரு பத்தி நல்ல பத்தி ஆகிவிடாது.

நல்ல பத்தி எப்படி இருக்கும் என்பதற்கு வலியசாலையிலிருந்து அதிக தூரம் போக வேண்டியதில்லை. பக்கத்திலேயே சாலைக் கடைத்தெரு. திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாசன் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் உருவாக்கிய சந்தை. கிள்ளிப்பாலத்திலிருந்து கிழக்கேகோட்டை வரை பலசரக்கும் பாத்திரமும் துணியும் கொட்டிக்கிடக்கிற நெடுந்தெரு. அங்கே பாத்திரக் கடை வைத்திருந்தவர் ஆ. மாதவன். 1934இல் இந்த ஊரில் பிறந்து, பள்ளியில் மலையாளம் படித்து, தமிழில் எழுதியவர். 2010இல் முதல் விஷ்ணுபுரம் விருதும் 2015இல் 'இலக்கியச் சுவடுகள்' கட்டுரை நூலுக்காகச் சாகித்திய அகாதமி விருதும் பெற்றார். 2021 ஜனவரியில் காலமானார்.

கல்லாப்பெட்டிக்குப் பின்னால் பல பத்தாண்டுகள் உட்கார்ந்தவர் அவர். அந்த இருக்கைக்கு ஒரு குணம் உண்டு. கடைக்காரர் தெருவைவிட்டு எழுந்து போக முடியாது. தெருதான் அவர் முன்னால் வந்து போகும். சுமை தூக்குகிறவன், தரகன், பிச்சைக்காரன், போக்கிரி, வேலைதேடி நாஞ்சில் நாட்டிலிருந்து வந்த பையன் என்று ஒரே ஆட்கள் ஒரே வழியாகத் திரும்பத் திரும்ப வருகிறார்கள். முதல் நாள் தெரியாதது ஐந்தாவது வருடத்தில் தெரியும். ஒருவனுடைய நடை எந்த வருடம் தளர்ந்தது என்பது அவன் வீட்டாரைவிடக் கடைக்காரருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். 'கடைத்தெருக் கதைகள்' தொகுப்பைப் படிக்கும்போது அந்த இருக்கையின் உயரம்கூட நமக்குத் தெரிகிறது. எந்தக் கதையும் மாடியிலிருந்து தெருவைப் பார்ப்பதில்லை.

'எட்டாவது நாள்' என்ற அவருடைய குறுநாவலை எடுத்துக்கொள்ளுங்கள். சாலைத் தெருவில் போக்கிரியாகத் திரிந்து வாழ்ந்த சாளைப்பட்டாணி நோயில் விழுகிறான். அவனுடைய கடைசி நாட்களே கதை. தலைப்பிலேயே முடிவு எண்ணி வைக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு நாளாக அவன் வாழ்க்கை பின்னோக்கி விரிகிறபோது, அவனுக்காக மன்னிப்புக் கேட்க மாதவன் வருவதில்லை, தண்டிக்கவும் வருவதில்லை. செய்த பாவங்களும் நாக்கில் மிச்சமிருக்கிற ருசிகளும் ஒரே எடையில் வருகின்றன. இந்தச் சமஎடைதான் மாதவனின் கலை என்பேன்.

மாதவனின் 'புனலும் மணலும்' நாவல் கரமனை ஆற்றில் மணல் வாருகிறவர்களைப் பற்றியது. அங்குசாமிக்கு, மனைவியின் முதல் கணவருக்குப் பிறந்த மகள் பங்கியைக் கண்டால் ஆகாது. அவள் அழகில்லாதவள் என்பதைத் தவிர அந்த வெறுப்புக்குக் கனமான காரணம் எதுவும் கிடையாது. காரணம் போதாது என்பதுதான் இங்கே நுட்பம். ஆற்றில் மணல் குறைகிறது, பிழைப்பு குறைகிறது, அந்த மனிதரின் வெறுப்பு மட்டும் குறைவதில்லை. வேலையில் நேர்மையானவர், கூட்டாளிகளுக்கு நல்லவர், இந்தப் பெண்ணிடம் மட்டும் கொடியவர். இந்தக் கதைச் சுருக்கத்தைக் கொடுத்து எழுதச் சொன்னேன். இயந்திரம் இரண்டாவது பக்கத்திலேயே அங்குசாமியின் இளமையில் ஒரு காயத்தைக் கண்டுபிடித்துத் தந்தது, கடைசிப் பக்கத்தில் அவரை அழ வைத்தது. எல்லாவற்றுக்கும் விளக்கம் வந்துவிட்டது. அந்த மனிதர் போய்விட்டார். மாதவன் விளக்காமல் விட்ட இடத்தில்தான் நமக்குத் தெரிந்த யாரோ ஒருவரின் முகம் வந்து நிற்கிறது.

மொழியைப் பார்ப்போம். திருவனந்தபுரத்துத் தமிழில் மலையாளம் கலந்தே வரும். பேசுகிறவருக்கு அது கலப்பு என்றே தோன்றாது. சாயா குடித்துக்கொண்டே சங்கதி சொல்வார். எங்கே தமிழ் விட்டு மலையாளம் தொடங்குகிறது, கோபத்தில் எந்த மொழி முந்துகிறது, பெண்கள் வீட்டுக்குள் பேசும்போது எது மிஞ்சுகிறது என்பதெல்லாம் காதால் மட்டுமே கற்க முடிந்தவை. இயந்திரத்திடம் இந்த ஊர்ப் பேச்சைக் கேட்டால் சென்னைத் தொலைக்காட்சித் தமிழில் இரண்டு மலையாளச் சொற்களைத் தூவித் தருகிறது. ஒரு கிழவர் விலையைச் சக்கரத்தில் சொன்னார் என்று கதையில் வந்தால் போதும், இந்த ஊர்க்காரருக்குக் காலமும் இடமும் விளங்கிவிடும். 28 சக்கரம் ஒரு ரூபாய் என்று திருவிதாங்கூர் நாணயம் புழங்கிய நாட்கள் அவை. அந்த ஒரு சொல் செய்கிற வேலையை "பழைய காலத்தில்" என்ற தொடரால் செய்ய முடியாது.

மாதவன் தனியாள் அல்ல என்பது இந்த ஊரின் கொடுப்பினை. மின்வாரியப் பொறியாளராக இருந்த நீல பத்மநாபன் 'பள்ளிகொண்டபுரம்' நாவலில் அனந்தன் நாயரின் இரண்டே நாட்களுக்குள் பத்மநாபசுவாமி கோயிலைச் சுற்றிய நகரம் முழுவதையும் அடக்கினார். ஆங்கிலப் பேராசிரியரான நகுலன் இதே நகரத்தில் ஒரு தனி வீட்டுக்குள்ளிருந்து வேறொரு தமிழை எழுதினார். மூவர் இருந்த இடமும் வேறு, அதனால் மூவருக்கும் கிடைத்த நகரமும் வேறு. இயந்திரத்திடம் மூன்று முறை கேட்டாலும் ஒரே நகரம்தான் சொல் மாறி வருகிறது.

இயந்திரத்தை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கோயில் திருவிழா நேர அட்டவணையை மலையாளத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவரவும், கடை விலைப்பட்டியலை ஒழுங்குபடுத்தவும், பிழை பார்க்கவும் அது மிக நல்ல துணை. அந்த வேலைகளுக்கு ஓர் ஆளின் முப்பது வருடப் பார்வை தேவையில்லை. ஆனால் வலியசாலைத் தெரு எப்படி இருக்கும் என்று வெளியூர்க்காரர் கேட்கும்போது அந்த வேலையை அதனிடம் ஒப்படைக்காதீர்கள். அடுத்த முறை இயந்திரம் வலியசாலையைப் பற்றிப் படிக்கப் போவதும் இணையத்தில் நாம் இன்று வைக்கிற பக்கங்களைத்தான்.

இந்தத் தெருக்களில் வளர்ந்தவர்களே, உங்கள் வாசலில் நின்று பார்த்ததை எழுதி வையுங்கள். யார் வீட்டுத் திண்ணையில் எந்த நேரத்தில் யார் உட்கார்ந்தார்கள், எந்தச் சண்டைக்குப் பிறகு எந்த வாசல் அடைபட்டது, கிள்ளியாற்றில் வெள்ளம் வந்தபோது எந்தப் படி வரை ஏறியது, பொங்கல் அன்று அடுப்புகள் எங்கிருந்து எங்கு வரை நீண்டன என்று எழுதுங்கள். நடை தானாக வரும். எப்படித் தொடங்குவது என்று தயங்குகிறவர்கள் ஆ. மாதவனின் 'கடைத்தெருக் கதைகள்' நூலை ஒருமுறை படித்துவிட்டுத் தொடங்கலாம்.